மாநகராட்சிப் பிள்ளைகளுக்கு நான்கு இரவுகள் கொடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சிக் கல்வித் துறையினருக்கு,

வணக்கம்.

மே மாதம் பிறந்தால் சென்னையில் தெருவுக்கு இரண்டு பேனர்கள் தொங்குகின்றன. கோடை முகாமாம்: காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அபாகஸ், கையெழுத்து, கீபோர்டு, அடுப்பில்லாச் சமையல். பிள்ளை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறது. அதை வகுப்பு என்று சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு போய், அம்மா இல்லாத இடத்தில் படுத்து எழுந்தால்தான் அது முகாம். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படி நான்கு இரவு தங்கும் கோடை முகாம் ஒன்றை நீங்கள் நடத்த வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. வட சென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தேன். 1969இல் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கிய திட்டம் இது. பிறகு மேல்நிலை வகுப்புகளுக்கும் வந்தது. இதில் ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கி, மரக்கன்று நட்டு, குளக்கரையைச் சுத்தம் செய்து, மாலையில் விழிப்புணர்வு நாடகம் போடுவோம். அறிக்கையில் எழுதியவை இவைதான். எழுதாமல் விட்டவைதான் எனக்கு நினைவிருக்கின்றன.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். மூன்றாம் நாள் ஊர்க்காரர் ஒருவர் ஏரி மீன் ஆறு கிலோ கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். யாருக்கும் ஆயத் தெரியவில்லை, எனக்கும்தான். காசிமேட்டுப் பையன் ஒருவன் இருந்தான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்பதையே முணுமுணுப்பாகச் சொல்பவன். அவன் எழுந்து வந்து, மீனைப் புரட்டிப் பார்த்து, "இதெல்லாம் ஒரு மீனா டீச்சர், சேற்று வாடை அடிக்கும்" என்று முகம் சுளித்தான். பிறகு அரிவாள்மனை கேட்டான், கல்லுப்பும் மஞ்சளும் கேட்டான். செதில் தெறிக்க அவன் ஆய்ந்த வேகத்தைப் பார்க்க முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். "நீ பிடி, வாலை அழுத்து, அப்படி இல்லை" என்று அவன் அதட்ட, அவர்கள் கேட்டார்கள். அன்று இரவு நாடகத்தில் ஊர்த்தலைவர் வேடம் அவனுக்கு. வசனத்தை மறந்தான், நின்றுபோகவில்லை, சொந்தமாகப் பேசிச் சமாளித்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு அவன் பெரிய பேச்சாளன் ஆகிவிடவில்லை. ஆனால் "உள்ளேன்" கடைசி பெஞ்சிலிருந்து எனக்குக் காதில் விழுந்தது.

அதே முகாமில் முதல் இரவு ஒரு பெண் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். தூங்கவில்லையா என்றால், "ரயில் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை டீச்சர்" என்றாள். தண்டவாளத்தை ஒட்டிய வீடு அவளுடையது. சிறிது நேரத்தில் இன்னொருத்தியும் எழுந்து வந்தாள், அவளுக்கு இருட்டு பயம். ஒரே வகுப்பில் ஓராண்டு படித்தும் இருவரும் பேசிக்கொண்டதில்லை. இரண்டு தெருக்களுக்கும் ஆகாது, காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. கழிப்பறைக்கு ஒருத்தி டார்ச் பிடிக்க ஒருத்தி போக வேண்டியிருந்தது. தொடக்கம் அவ்வளவுதான். இப்போது பொங்கலன்று என் வீட்டுக்கு இருவரும் சேர்ந்தே வருகிறார்கள், ஒருத்தியின் குழந்தை மற்றவள் இடுப்பில்.

சேர்த்து உட்கார வைத்தால் நட்பு வந்துவிடாது என்பதைச் சொல்லவே இவ்வளவு நீட்டினேன். 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர் பதினொரு வயதுப் பையன்கள் 22 பேரை ஒரு கோடை முகாமில் இரண்டு அணிகளாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தார். சில நாள்களில் கொடியைக் கொளுத்துவது, அறைக்குள் புகுந்து சூறையாடுவது என்று ஆகிவிட்டது. ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள். சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். தண்ணீர் வராமல் போனபோதும், உணவு ஏற்றிவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றபோதும்தான் பகை தணியத் தொடங்கியது. கயிறிழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த அதே கயிற்றைக் கட்டி இரு அணியும் லாரியை இழுத்தன. பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவர்களைச் சோதனைப் பொருளாக்கியதை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கயிறு மனத்தில் நிற்கிறது. நம் முகாம்களிலோ நிறைவு நாளில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, கோப்பை.

நாட்டு நலப்பணித் திட்டம் பதினொன்றாம் வகுப்பில்தான் கைக்கு எட்டுகிறது. அதற்குள் பல பிள்ளைகள் பள்ளியை விட்டே போய்விடுகிறார்கள். ஏழாம், எட்டாம் வகுப்பில் கேட்கிறேன். குறிப்பாக, கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடிவைத்த குடும்பங்களின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வீட்டோடு பள்ளியும் மாறியது, விளையாடிய கூட்டாளிகளும் போனார்கள். அவர்களைப் பழைய பேட்டைப் பிள்ளைகளோடு கலந்து நாற்பது பேராக அனுப்புங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் மதுராந்தகம் ஆகாது. ஏலகிரிக்கு ஜோலார்பேட்டை வரை ரயில், பிறகு பஸ். மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்கள். வாந்தி எடுக்காத பிள்ளைகள் படித்துக்கொண்டே போகலாம். ஜவ்வாது மலைப் பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே. அதைக்கூட விடுங்கள், சென்னையில் வளர்ந்த பிள்ளைக்கு வெறுங்கண்ணால் நிறைய நட்சத்திரங்களைப் பார்ப்பதே முதல் தடவையாக இருக்கும்.

சமையலைப் பிள்ளைகளும் சேர்ந்து செய்யட்டும். சாம்பார் அடிப்பிடிக்கும், பிடிக்கட்டும். தேர்வு மட்டும் மதிப்பெண் பார்த்து வேண்டாம். வினாடி வினாவில் வென்றவர்களுக்கும் முதலிடம் பிடித்தவர்களுக்கும் பயணங்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. பெயர்களைச் சீட்டுப் போட்டு எடுங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பீர்கள், கேட்க வேண்டும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாமில் மாணவியருக்கு நேர்ந்த கொடுமையை எந்தத் தாயும் மறக்கவில்லை. யார் நடத்துகிறார்கள் என்று யாருமே விசாரிக்காததால் நடந்தது அது. ஆகவே வெளி அமைப்புகளிடம் ஒப்படைக்காதீர்கள். உங்கள் ஆசிரியர்களே போகட்டும், பெண் பிள்ளைகளோடு ஆசிரியைகள் தங்கட்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியே ஓர் அறையில் இருக்கக்கூடாது. தினமும் இரவு எட்டு மணிக்குப் பிள்ளை வீட்டோடு பேசட்டும், யாரும் பக்கத்தில் நின்று கேட்காமல். போகும் ஆசிரியர்களுக்கு ஈடுசெய் விடுப்பை எழுத்தில் கொடுங்கள். எங்கள் காலத்தில் அதைக் கேட்டால் சிரித்தார்கள்.

செலவுக் கணக்கு என்னிடம் இருக்கிறது. பதினோரு முகாம்களின் நோட்டும், அரிசி எத்தனை படி, கத்தரிக்காய் எத்தனை கிலோ, கொசுவத்திச் சுருள் எத்தனை என்பது வரை. சிலவற்றில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். விலைகள் பழையவை, அளவுகள் பழையவை அல்ல. ஆள் அனுப்பினால் தருகிறேன். முதல் முகாமுக்குச் சமையற்கட்டில் நிற்க ஆள் குறைந்தால் நானும் வருகிறேன். மீன் ஆய்வதற்கு மட்டும் வேறு யாரையாவது பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை ஒருவர்,
வியாசர்பாடி.