சீட்டா ஹெலிகாப்டர்களுக்குப் பாதுகாப்பு, குளிர்கால வசதிகள் கோரும் மனு

அனுப்புநர்:
ராணுவ ஹெலிகாப்டர் பராமரிப்புப் பிரிவின் முன்னாள் பணியாளர்,
தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
பாதுகாப்புத் துறை, இந்திய அரசு,
புது தில்லி.

பொருள்: மலைப்பகுதிகளில் பறக்கும் சீட்டா ஹெலிகாப்டர்களை மேம்படுத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 2023 மார்ச் 16 அன்று அருணாச்சலப் பிரதேசத்தில் மண்டலா அருகே சீட்டா ஒன்று விழுந்து அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் எங்கள் தேனி மாவட்டத்துப் பிள்ளை. அதற்கு ஐந்து மாதம் முன்பு தவாங் அருகே ஒரு சீட்டா, 2022 மார்ச்சில் காஷ்மீரின் குரேஸில் இன்னொன்று.

சீட்டாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதன் மூலமான பிரான்சின் லாமா ஹெலிகாப்டர், 1972-இல் 12,442 மீட்டர் உயரம் தொட்டது. 1984-இல் நம் வீரர்கள் சியாச்சினில் நிலைகொண்ட பிறகு, உச்சி முகாம்களுக்கு மண்ணெண்ணெய் கொண்டு போனதும் உடல்நலம் கெட்டவர்களை இறக்கி வந்ததும் பெரும்பாலும் இதுதான். ஆனால் விமானி அறை இன்னும் அந்தக் காலத்தது. நகரும் வரைபடம் இல்லை, மலை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி இல்லை, வானிலை ரேடார் இல்லை. பள்ளத்தாக்கில் மேகம் நிமிடங்களில் அடைத்துவிடும். அப்போது விமானிக்குக் கண் மட்டுமே துணை. 2021 டிசம்பரில் குன்னூரில் விழுந்த எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர், சீட்டாவைவிட எவ்வளவோ நவீனமானது. அதுவே எதிர்பாராமல் மேகத்துக்குள் போனதால்தான் மலையில் மோதியது என்று விசாரணை கூறியது.

குளிர் இன்னொரு பிரச்சினை. மைனஸ் முப்பதில் பேட்டரி வலுவிழக்கும், எண்ணெய் கெட்டியாகும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் சூடான காற்றை எஞ்சினுக்குள் ஊதவேண்டும். 6,000 மீட்டர் உயர முகாம்களில் எஞ்சினை அணைப்பதே இல்லை. அணைத்தால் அந்த மெல்லிய காற்றில் மறுபடி பிடிக்குமா என்பது நிச்சயமில்லை. விசிறி சுழன்றுகொண்டிருக்க, வீரர்கள் குனிந்து ஓடிவந்து ஜெர்ரிகேன்களை இழுத்துக்கொள்வார்கள்; உடனே கிளம்பியாக வேண்டும்.

சீட்டாவுக்கு மாற்றாக வரவுள்ள புதிய இலகு ரக ஹெலிகாப்டரான எல்யுஹெச் 2016-இல் முதன்முதலாகப் பறந்தது; 2020-இல் சியாச்சினில் இறங்கியும் காட்டியது. மகிழ்ச்சிதான். ஆனால் எல்லாப் பிரிவுகளுக்கும் அது போய்ச் சேரும்வரை சீட்டாதான் பறந்தாக வேண்டும்.

எனவே உயர்மலைப் பணியில் உள்ள சீட்டாக்களுக்கு முதலில் எஞ்சினை மாற்றித் தாருங்கள். டிஎம் 333 எஞ்சினைப் பொருத்தி 'சீத்தல்' என்ற பெயரில் அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் ஏற்கெனவே செய்து காட்டியதுதான். எரிபொருள் கட்டுப்பாட்டைக் கணினி பார்த்துக்கொள்வதால் விமானிக்குச் சுமை குறையும், தூக்கும் திறனும் கூடும். எஞ்சினை முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு: அங்கே ஒவ்வொரு கிலோவும் கணக்கு. பழைய எஞ்சினோடு கருவிகளை ஏற்றினால் வீரர்களுக்குப் போகும் பொருள்தான் குறையும்.

அப்புறம், மலை எச்சரிக்கைக் கருவியும் நகரும் வரைபடமும் எடை குறைந்த வகையில் பொருத்தப்பட வேண்டும். பறப்புத் தரவுப் பதிவுக் கருவி, அதிர்ச்சி தாங்கும் இருக்கைகள், குளிர் தாங்கும் பேட்டரி ஆகியவையும் வேண்டும். இவற்றைப் பொருத்த முடியாத பழைய சீட்டாக்களை மலைப்பணியிலிருந்து விலக்கிச் சமவெளிக்கு அனுப்ப உத்தரவிட வேண்டுகிறேன்.

எந்தப் பிரிவுக்கு எப்போது மாற்று வரும் என்ற கால அட்டவணையை, பாதுகாப்புக்குப் பாதகமில்லாத அளவில், வெளியிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் பராமரிப்புப் பணியாளர்