கல் தூசும் ஒரு வாளி தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்துத் தங்க நகரங்களைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். 1900இல் டொனோபா, 1902இல் கோல்ட்ஃபீல்ட், 1904-05இல் ரியோலைட் என்று ஊர்கள் முளைத்த கதையும் அங்கிருந்த சூதாட்ட விடுதிகளும் நன்றாக விவரிக்கப்பட்டிருந்தன. ஆனால், பாறைக்குள் நின்று துளை போட்டவர்களின் நெஞ்சை அரித்த தூசைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நமது மாவட்டத்தில் கருங்கல்லோடும் மாபிளோடும் வேலை செய்கிற பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டியது அதைத்தான்.

பாலைவனச் சுரங்கத்தில் தங்கத்தைவிட அரிது தண்ணீர். மேற்கு அவுஸ்திரேலியாவில் தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லிப் பக்கத்தில் உப்பு நீரை இரும்புத் தொட்டியில் கொதிக்கவைத்து, ஆவியை நீளமான தகரக் குழாய்களில் குளிரவிட்டு, சொட்டுச் சொட்டாய்ப் பிடித்துக் கலன் கணக்கில் விற்றார்கள். அடுப்பெரிக்கச் சுற்றுவட்டாரத்து மரங்கள் வெட்டப்பட்டன. சுத்தமான தண்ணீர் இல்லாமல் நெருப்புக் காய்ச்சலிலும் (டைபொயிட்) பலர் மாண்டார்கள். 1903 ஜனவரியில்தான் பேர்த் நகருக்கு அருகிலுள்ள முண்டாரிங் அணையிலிருந்து, எட்டு நீரேற்று நிலையங்களின் உதவியோடு, 30 அங்குலக் குழாய் வழியாக, ஏறத்தாழ 560 கிலோமீற்றர் கடந்து நல்ல தண்ணீர் வந்து சேர்ந்தது. குடிக்கவே இந்தப் பாடு என்றால், பாறையை நனைக்க யார் தண்ணீர் கொடுப்பார்கள்?

துளை போடும் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கைவேலையில் தனி ஆள் நாலு இறாத்தல் சுத்தியலால் அடிப்பான். இருவர் என்றால் ஒருவன் எட்டு இறாத்தல் சம்மட்டியை வீச, மற்றவன் உளியைப் பிடித்து அடிக்கு அடி சற்றே திருப்புவான். திருப்பாவிட்டால் உளி இறுகிவிடும், துளையும் வட்டமாக வராது. கீழ்நோக்கிய துளையில் தண்ணீர் ஊற்றுவார்கள். தூள் சேறாகும், அதை நீண்ட கரண்டியால் வழித்தெடுப்பார்கள். கூரையை நோக்கிப் போடும் துளையில் தண்ணீர் நிற்காது. தூள் நேரே முகத்தில் கொட்டும். ஆனாலும் கை மெதுவானது, தூசும் அந்த அளவுக்குத்தான்.

காற்றழுத்த இயந்திரம் வந்தபின் நிலைமை மாறியது. அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த ஜோன் ஜோர்ஜ் லெய்னர் 1897 அளவில், நடுவே துவாரமுள்ள உளியைக் கொண்ட இயந்திரத்தைச் செய்தார். முதலில் அந்தத் துவாரம் வழியே வெறும் காற்றைத்தான் செலுத்தினார். துளை சுத்தமாயிற்று, ஆனால் தூசு முழுவதும் துளைப்பவன் மீதே திரும்பியது. தொழிலாளர் அதைத் தொட மறுத்தார்கள். பிறகுதான் காற்றோடு தண்ணீரையும் சேர்த்தார். சரியான வழி அதுவே. ஆனாலும் கூரையை நோக்கித் துளைக்கும் இலேசான இயந்திரங்கள் நெடுநாள் உலர்வாகவே ஓடின. தாலியறுப்பான் என்ற பொருளில் அவற்றுக்குத் தொழிலாளரே பெயர் வைத்தார்கள். நெவாடாவின் டெலமார் ஊருக்கும் அதே பெயர் கிடைத்தது. தங்கம் அங்கே, குவார்ட்ஸ் எனும் படிகக்கல் நிறைந்த மிகக் கடினமான பாறையில் இருந்தது. பன்னிரண்டு மைல் தொலைவிலிருந்து தண்ணீர் இறைக்கவேண்டிய ஊரில், ஆலையும் கல்லை உலர்வாகவே அரைத்தது.

குவார்ட்ஸ் தூசில் கண்ணுக்குத் தெரிகிற பருமனான தூளை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஐந்து மைக்ரோனுக்கும் சிறியது, அதாவது தலைமயிரின் தடிப்பில் பத்திலொரு பங்குகூட இல்லாதது, நுரையீரலின் அடிப்பைகள் வரை போகும். அதை விழுங்கும் உயிரணுக்கள் சாகும், அந்த இடம் தழும்பேறி இறுகும். இதுதான் சிலிக்கோசிஸ். தழும்பு ஆறாது, வேலையை விட்ட பிறகும் வளரக்கூடும், காசநோயும் எளிதில் பற்றும்.

நமது கருங்கல்லிலும் குவார்ட்ஸ் உண்டு, மாபிள் என்று நாம் சொல்லும் தரை ஓட்டிலும் உண்டு. சமையலறை மேடைகளுக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் கற்பலகைகளில் அது மிக அதிகம். அவுஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து அவற்றைத் தடையே செய்துவிட்டது. வாயில் கட்டிய கைலேஞ்சி இந்தத் தூசை நிறுத்தாது. பாறை துளைப்பவர்கள் முதலில் தண்ணீரைத் திறந்து, பிறகே இயந்திரத்தை ஓட்ட வேண்டும். உளி கல்லில் பதியும் அந்த முதல் நிமிடத்தில் தூசு வெளியே நிறையப் பறக்கும். வெட்டுபவர்களுக்குத் தண்ணீர் அலகின் மீதே விழ வேண்டும், நிமிடத்துக்கு அரை லீற்றராவது. சாதாரண மின் கிறைண்டரில் மட்டும் தண்ணீர் ஊற்றவே கூடாது, மின்சாரம் தாக்கும். தண்ணீர்க் குழாய் பொருத்திய இயந்திரத்தை எடுத்து, ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் போட வேண்டும். சேறு காய்வதற்குள் அள்ளிவிடுங்கள், காய்ந்தால் அதுவும் தூசுதான். மாலையில் காற்றுக் குழாயால் உடுப்பைத் தட்டும் பழக்கத்தை அறவே விட வேண்டும். என்95 முகக்கவசம் தண்ணீருக்குத் துணை மட்டுமே. தாடி இருந்தால் ஓரத்தால் தூசு புகும்.

தண்ணீர் விட்டு வெட்டும் இயந்திரத்துக்கு வாடகை கூட. அதை நாட்கூலிக்காரரின் தலையில் கட்டக்கூடாது. வீடு கட்டுவிக்கிறவர்கள் மாபிள் வேலைக்குக் கூலி பேசும் அன்றே அந்த வாடகையையும் சேர்த்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.