திருநீற்றுப் புதனும் சைவநெறி வகுப்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் கட்டாயப் பாடங்களிலிருந்து சமயத்தை எடுத்துவிட வேண்டும் என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். புள்ளிக்காக மட்டும் படிக்கும் பாடமாகிவிட்டது என்பது அவர் சொல்லும் காரணம். மன்னார் மாவட்டத்தில் 27 வருடம் சைவநெறி படிப்பித்தவள் நான். அவர் சொல்வதில் பாதி சரி. ‘சமயத்துக்கு ஏ எடுக்கிறது லேசு’ என்று பிள்ளைகள் என் காதுபடவே பேசுவார்கள். நாயன்மாரின் ஊரையும் குருபூசை நட்சத்திரத்தையும் பரீட்சைக்கு முதல் கிழமை பாடமாக்குவார்கள், அடுத்த கிழமை மறந்துவிடுவார்கள்.

ஆனால் எனக்குள்ள குறை வேறு.

எங்கள் பாடசாலைகளில் சமயப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்பு பிரிந்துவிடும். சைவப் பிள்ளைகள் ஒரு அறைக்கு, கத்தோலிக்கப் பிள்ளைகள் இன்னொன்றுக்கு. முஸ்லிம் பிள்ளைகள் மௌலவி ஆசிரியர் இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் நூலகத்துக்கு. கணிதத்துக்கு ஒரே வாங்கில் இருந்தவர்கள் இதற்கு மட்டும் பிரிந்துபோய்த் திரும்பி வருவார்கள். தரம் 1 முதல் 11 வரை இப்படித்தான். பக்கத்து அறையில் என்ன படிப்பித்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒருமுறை தரம் 8 மாணவி ஒருத்தி தன் கூட்டாளியைக் காட்டி, “டீச்சர், அவளின்ர நெற்றியில கரி” என்று சிரித்தாள். அன்று கத்தோலிக்கர் நோன்பிருக்கும் தவக்காலத்தின் முதல் நாள், நெற்றியில் சாம்பல் பூசும் நாள். பாண்டியனின் வெப்பு நோய் தீரச் சம்பந்தர் பாடிய திருநீற்றுப் பதிகத்தை அதே பிள்ளை முந்தின கிழமைதான் பிழையில்லாமல் பாடிக் காட்டியிருந்தாள். கத்தோலிக்கர் இந்த நாளைத் தமிழில் திருநீற்றுப் புதன் என்றுதான் சொல்வார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. கூட்டாளியிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு நானும் கத்தோலிக்க சமய ஆசிரியையும் தவணைக்கு ஒரு பாடவேளை வகுப்பு மாறிப் போனோம். மன்னாரின் சிவன் கோவிலான திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரிக்குப் பாலாவித் தீர்த்தத் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய் லிங்கத்துக்கு ஊற்றுவதை நான் அங்கே சொன்னேன். அவர் இங்கே வந்து தவக்காலத்தையும் மடு மாதா கோவில் திருவிழாவையும் பற்றிப் பேசினார். மடுவுக்கு அம்மம்மா நேர்த்தி வைத்துப் போவா என்று எங்கள் பிள்ளைகளிலேயே மூன்று பேர் கை தூக்கினார்கள். இரண்டு தவணைதான் நடந்தது. பிள்ளையை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று ஒரு தகப்பன் அதிபரிடம் போனார். மறுபக்கத்திலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அதிபர் பாவம், நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அந்தத் தகப்பனின் பயத்தை நான் இளக்காரம் செய்யமாட்டேன். மிஷன் பள்ளிக்கூடங்களின் காலத்தை எங்கள் ஊர்கள் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குப் பதில் சைவநெறிப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறதே! சைவத்தைக் காக்கப் பாடுபட்ட ஆறுமுக நாவலர் மெதடிஸ்த மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, பார்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணையாக இருந்தவர். பைபிளை அவ்வளவு தெரிந்தவர்தான் 1848இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வித்தியாசாலை தொடங்கிய ஆண்டைப் பிள்ளைகள் பாடமாக்குகிறார்கள். அவர் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்ற கதையை யாரும் அவர்களிடம் பேசுவதில்லை.

2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரத்துக்குப் போகும் வீதியில் சைவர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இடையிலான தகராறில் கோவிலின் அலங்கார வளைவு பிடுங்கப்பட்டதை நாடே பார்த்தது. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. பிடுங்கியவர்களும் அதைப் பார்த்துக் கொதித்தவர்களும் 11 வருடம் சமயம் படித்த பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். ஆளுக்கொரு அறையில்.

ஆகவே பாடத்தை எடுக்க வேண்டாம். அவரவர் சமயத்தை அவரவர் படிக்கட்டும், தேவாரம் பாடமாக்கட்டும். ஐந்து சமயப் புத்தகங்களிலும் தரம் 8 அளவில் ஒரேயொரு அலகு சேர்த்தால் போதும்: பக்கத்து வீட்டுக்காரர் எப்போது விரதம் இருக்கிறார், ஏன் இருக்கிறார், அவர் வீட்டுச் செத்தவீட்டில் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும். அந்தந்தச் சமயத்தவரே அந்த அலகை எழுதட்டும். பரீட்சையில் மட்டும் அதிலிருந்து கேள்வி கேட்க வேண்டாம். கேட்டால் அதற்கும் ஒரு டியூசன் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சைவநெறி ஆசிரியை,
மன்னார்.