அப்பாவின் புத்தகப் பெட்டியை யாருக்குக் கொடுப்பது?

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அக்காவும் நலம். மருமகளும் சின்னவளும் நலம்தானே?

அப்பாவின் புத்தகங்களை முதலாண்டுத் திதிக்குள் ஏதாவது ஒரு கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னாய். சரி என்றேன். பெட்டி இரண்டும் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கின்றன. காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் சின்னவள் வந்துவிடுகிறாள், பேச்சு அவள் பக்கம் போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெண் கொடுக்கும் இடத்தைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு கிளையாகப் போய்ப் பார்த்தேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கமெல்லாம் சுற்றினேன். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் காசு கிடையாது என்பதால் கால்வலி ஒன்றுதான் செலவு. எந்தக் கிளையில் என்ன குறை என்று பெயர் போட்டு எழுத மாட்டேன். அங்கே வேலை செய்கிறவர்கள் கையில் இல்லாத குறைகள்தான் அதிகம்.

கிளை நூலகத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பது உனக்கு நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். கூலி வேலைக்குப் போகிறவனுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அன்றைக்குத்தானே ஓய்வு? யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு.

காலையில் போனால் செய்தித்தாள் மேசை முழுக்க ஆண்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் கிளையில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரே ஒரு தினத்தந்தி நான்கு பேர் கையில் நான்கு தாளாகப் பிரிந்து கிடந்தது. நடுத்தாளைப் படித்து முடித்தவர் ஒன்றும் பேசாமல் அதை வலப்பக்கம் தள்ளுகிறார். வலப்பக்கத்தவர் தன் தாளை அடுத்தவரிடம் நகர்த்துகிறார். ஒரு சுற்று முடிந்ததும் எல்லாத் தாளும் பக்க வரிசையில் ஒன்றாகி, மடிந்து, மேசை நடுவில் வந்து சேருகிறது. இந்த ஒழுங்கு நம் ரேஷன் கடையில் கிடையாது, கோயில் வரிசையில் கிடையாது. நான் உள்ளே நுழைந்ததும் சுற்று நின்றுவிட்டது. ஒரு பெரியவர், "யாரைத் தேடுகிறீர்கள் அம்மா?" என்று கேட்டார். வீட்டுக்காரரை அழைத்துப்போக வந்தவள் என்று நினைத்துவிட்டார். "பேப்பரைத் தேடுகிறேன்" என்றேன். விளையாட்டுப் பக்கம் கிடைத்தது. அதையும் முழுக்கப் படித்தேன்.

அப்படிப்பட்ட ஒரு மேசையில்தான் உன் அப்பா பல வருடம் உட்கார்ந்திருந்தார். மில் மூடியபோது நீ சின்னப் பையன், உனக்கு எவ்வளவு தெரியுமோ. காலை ஷிப்டுக்குக் கிளம்பும் அதே நேரத்தில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, டிபன் டப்பாவோடு புறப்பட்டுவிடுவார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தால் போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்ன, ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்பார்கள். நூலகத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அந்தக் கேள்வி வராது. மறைமலையடிகள் நூலகம் லிங்கிச் செட்டித் தெருவில் இருந்தவரை அங்கேயும் போய்வந்தார். அது எழும்பூரில் கன்னிமாரா வளாகத்துக்குப் போன பிறகு, "வடசென்னையிலிருந்து ஒரு நல்ல பொருள் வெளியே போனால் திரும்பி வராது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு மேல் கூட்டம் மாறிவிடுகிறது. பெரியவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள், இளம்பிள்ளைகள் நிறைந்துவிடுவார்கள். எல்லாம் போட்டித் தேர்வுப் பிள்ளைகள். குரூப் 4, காவலர் தேர்வு, ரயில்வே என்று ஆளுக்கொரு கனவு. பாதிப்பேர் பெண் பிள்ளைகள். அவர்கள் படிப்பது என்ன என்று எட்டிப் பார்த்தால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்! குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வருகின்றன, அதற்குப் பள்ளிப் பாடநூலைத்தான் கரைத்துக் குடிக்க வேண்டுமாம். பட்டம் வாங்கிய பெண் ஆறாம் வகுப்பு மனப்பாடச் செய்யுளை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். வாரியக் குடியிருப்பில் வீடு. ஒரே அறை, அதற்குள் ஏழு பேர். அப்பா இரவு லாரியில் லோடு ஏற்றப் போய்விட்டுப் பகலில் வந்து தூங்குகிறார். அவர் தூங்கும்போது விளக்குப் போட முடியாது, விழித்திருக்கும்போது டிவி ஓடும். அவளுக்கு இங்கே வேண்டியது ஒரு நாற்காலியும் தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும்தான், அலமாரியில் இருக்கும் புத்தகத்தை அவள் தொட்டே நாளாகிறதாம். இன்னொரு விஷயமும் சொன்னாள், குரலைத் தாழ்த்தி. காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லையாம். ஏன் என்றேன். "கழிவறை இல்லையே ஆன்ட்டி" என்றாள். இருந்த ஒன்றில் பழைய நாற்காலிகளையும் கட்டுக்கட்டாகப் பேப்பரையும் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஆண் பிள்ளைகள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் தாகத்தை அடக்கிக்கொண்டு படிக்கிறார்கள்.

இதைக் கேட்ட பிறகு, அடுத்தடுத்த கிளைகளில் நான் முதலில் பார்த்தது பின்பக்கத்தைத்தான். கழிவறை இருந்து தண்ணீரும் வருகிற கிளையில் பெண்கள் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். இல்லாத கிளையில் மூன்று மணிக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பெண்களுக்கு வாசிப்பில் ஆர்வம் குறைவு என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒருநாள் முழுக்க அங்கே உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஒரு கிளையில் எனக்குச் சண்டையே வந்துவிட்டது. மேசையில் இருந்தவர் இரண்டு பெண்களைப் பார்த்து, "சொந்தப் புத்தகம் உள்ளே கொண்டுவரக் கூடாது, இது நூலகம், உங்கள் வீடு இல்லை" என்றார். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிப்பதற்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்களே, அதுவும் அரசாங்கத்துடையதுதானே என்று கேட்டேன். "அது பெரிய நூலகம் அம்மா" என்றார். பெரிய நூலகத்தில் செல்லுபடியாகும் நியாயம் வடசென்னைப் பக்கம் வந்தால் செல்லாதா? அவர் தலைக்கு மேல், இந்திய நூலகவியலின் தந்தை என்கிறார்களே, அந்த ரங்கநாதன் படம் மாட்டியிருந்தது. 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்று அவருடைய முதல் விதியை அழகாக எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே பூட்டிய பீரோ. சாவி யாரிடம் என்று கேட்டேன். முன்பு இருந்தவர் மாற்றலாகிப் போனபோது கொண்டுபோய்விட்டாராம்.

அந்தப் பெண்கள் ஏதோ இனாமாக வந்து உட்கார்ந்தவர்கள்போல எழுந்து நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே கூட்டிவந்து, இது நாம் கட்டும் வரியில் நடக்கிற இடம் என்று சொன்னேன். நம் வீட்டுச் சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி வருகிறது, பார்த்திருப்பாய். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. வாடகைக்கு இருக்கிறவர்களும் வாடகையோடு சேர்த்து அதைக் கட்டுகிறார்கள், ரசீது மட்டும் அவர்கள் பெயரில் வராது. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்து கொண்டுவந்தார், பின்னால் இருந்து விடாமல் தூண்டியவர் ரங்கநாதன். வரிப் பணத்தில் நூலகம் நடக்க வேண்டும், யார் தயவும் வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு. இதெல்லாம் அப்பா சாப்பிடும்போது சொன்னவை. அப்போது நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

கொளத்தூர் ஜெகந்நாதன் தெருவில் படிக்கவும் வேலை செய்யவும் இடம் தருவதற்காக 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தையும் போய்ப் பார்த்தேன். குளிர்சாதனம், நல்ல மேசை, சுத்தமான கழிவறை. உட்கார்ந்து வேலை செய்யும் இடத்துக்குக் கட்டணம் உண்டு, பரவாயில்லை. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து ஒரு பெண் தினமும் கொளத்தூர் போய்வர முடியாது. அவளுக்குத் தெருமுனையில் இருக்கும் கிளைதான் கதி.

சின்னவள் பிறந்தபோது நான் அங்கே வந்திருந்தேனே, அப்போது ஒரு நூலகத்துக்கு அழைத்துப் போனாய். புத்தகத்தை வைத்ததும் இயந்திரம் தானே பதிவு செய்துகொண்டதை நீ பெருமையாகக் காட்டினாய். தமிழுக்குத் தனி அலமாரி வைத்திருந்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் நான் பொறாமைப்பட்டது குடிதண்ணீர்க் குழாயைப் பார்த்து. உன்னிடம் அப்போது சொல்லவில்லை.

இப்போது பெட்டி விஷயம். மார்க்கெட் பின்னால் இருக்கும் கிளையின் நூலகர் ஒரு பெண். கெட்டிக்காரி, வார்த்தையில் சர்க்கரை தடவத் தெரியாதவள். நான் எழுதிக்கொண்டு போன பட்டியலைப் பார்த்துவிட்டு, "அம்மா, வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம். பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, முத்திரை குத்தி அடுக்க எனக்கு ஆளும் இல்லை, தட்டும் இல்லை. மூட்டையாகவே கிடக்கும்" என்றாள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கே தண்ணீர் புகுந்து கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போயின. அதற்குப் பிறகு கீழ்த்தட்டைக் காலியாகவே விட்டிருக்கிறாள், அடுத்த மழைக்கு. மேலே இருக்கும் சரித்திர நாவல் ஐந்து பாகத்தில் மூன்றாம் பாகம் காணவில்லை. எந்தக் கிளைக்குப் போனாலும் அந்த மூன்றாம் பாகம் மட்டும் காணவில்லை, இது என்ன மாயமோ!

அப்பாவிடம் இருந்த நாவல்களில் நல்ல நிலையில் இருப்பவற்றை அவள் எடுத்துக்கொள்வாள், ஒரு பை அளவுக்கு. தொழிற்சங்க மலர்களையும், அவர் மடித்து மடித்து வைத்திருந்த மே தினத் துண்டறிக்கைகளையும் கிளையில் கொடுத்து வீணாக்க வேண்டாம். 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய ஊர் இது, அந்தக் காகிதங்களைத் தேடி வருகிறவர்கள் இருப்பார்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறதே, பழைய தமிழ் அச்சுப் பொருள்களைப் பாதுகாப்பதே அவர்கள் வேலை. நீ ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேள். மீதியை நான் வைத்துக்கொள்கிறேன். படிப்பேன், ஏன் சிரிக்கிறாய்?

அங்கிருந்து கிளைக்குப் புத்தகம் கப்பலில் அனுப்ப நீ வைத்திருந்த பணத்தைப் பணமாகவே அனுப்பு. ஆயிரம் ரூபாய் கட்டினால் அப்பா பெயரில் நூலகப் புரவலர் ஆகலாம். மிச்சத்துக்கு நாற்காலி வாங்கலாம் என்று நூலகரிடம் பேசிவைத்திருக்கிறேன். இப்போது இருப்பவற்றில் வயர் அறுந்து, கயிறு கட்டி, அதன் மேல் அட்டை போட்டு உட்காருகிறார்கள். ஒரு மின்விசிறியும் வேண்டும், செல்போன் சார்ஜ் போட நாலு பிளக் உள்ள பலகை ஒன்றும் வேண்டும். இருக்கும் ஒரு பிளக்குக்குத் தினமும் வாய்த்தகராறு. மின்விசிறி இறக்கையில் அப்பா பெயரை எழுதச் சொல்லாதே. சுற்றும்போது படிக்க முடியாது, நின்றால் எல்லோரும் அவரைத் திட்டுவார்கள்.

கழிவறை நம் பணத்தில் ஆகிற காரியம் இல்லை, ஆகவும் கூடாது. வரி கட்டியாகிவிட்டது. வாசகர் வட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு, சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து கேட்டு ஒரு மனு என்று முடிவு செய்திருக்கிறோம். செய்தித்தாள் மேசைப் பெரியவர்களும் கையெழுத்துப் போடுகிறோம் என்கிறார்கள். என்னை யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டவர்தான் முதல் ஆளாகப் பேனாவை எடுத்தார். வாசகம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பணிவு அதிகமாகப் போய்விட்ட இடங்களைக் குறைத்து, தட்டச்சு செய்து, வியாழனுக்குள் அக்காவுக்கு அனுப்பிவிடு. அவள் அலுவலகத்தில் அச்செடுத்துக் கொடுப்பாள். கீழே கையெழுத்துக்கு இரண்டு பக்கம் காலியாக விடு.

மருமகளுக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டுவைத்திருக்கிறேன், யாராவது வந்தால் சொல்.

அன்புடன்,
அம்மா