அம்மாவுக்கு எந்த அடுப்பு?

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தது. பெண்ணுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து மனசு குளிர்ந்துவிட்டது. இங்கே என் முட்டிவலி தவிர எல்லாரும் சௌக்கியம்.

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு கேஸா, இண்டக்‌ஷனா என்று கேட்டிருந்தாய். இண்டக்‌ஷன் வாங்கிக் கொடுடி. ஆனால் கேஸ் அடுப்பை எடுத்துவிடாதே.

போன ஐப்பசியில் எங்கள் மாமியார் பாலை வைத்துவிட்டு வாசலில் பூக்காரம்மாவிடம் பேசிக்கொண்டு நின்றுவிட்டார். பால் பொங்கி வழிந்து தீ அணைந்துவிட்டது, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. மாடிப்படி இறங்கும்போதே எனக்கு வாடை அடித்தது. ஒரு சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்தேன். அப்புறம்தான் கை நடுங்கியது. மறுநாளே இண்டக்‌ஷன் வாங்கிவிட்டோம். பாத்திரத்தை எடுத்தால் தானாக நின்றுவிடும். டைமர் வைத்தால் மறந்து போனாலும் அணைந்துவிடும். இப்போது பால், சாதம், குழம்பு எல்லாம் அதில்தான். ஃபேனைப் போட்டுக்கொண்டே சமைக்கிறார்.

பாத்திரம்தான் தகராறு. அடியில் காந்தம் ஒட்டினால்தான் சூடேறும். அம்மாவின் அலுமினியக் குக்கர், மண்சட்டி எதுவும் ஆகாது. அந்த ஈயச்சொம்பு ரசத்துக்கு கேஸ்தான். அப்பளம் சுடவும், துவையலுக்குக் கத்தரிக்காய் சுடவும் தீ வேண்டாமா? இரும்புத் தோசைக்கல் சூடாகும், ஆனால் அடுப்புக்குள்ளே சூடேற்றும் சுருள் கல்லைவிடச் சின்னது. நடுவில் முறுகிக் கருகும்போது ஓரமெல்லாம் மாவு வெள்ளையாகவே நிற்கிறது. கல்லை நகர்த்தி நகர்த்தி மூன்று தோசை வார்த்துவிட்டு கேஸுக்கே திரும்பிவிட்டேன்.

கரண்டைப் பற்றிப் பயந்திருந்தாய். 2000 வாட்டில் அரை மணி ஓடினால் 1 யூனிட். நம் ஊர்க் கணக்கில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறுமே, உன் வீட்டில் ஏசியோடு சேர்ந்தால் யோசிக்க வேண்டியதுதான். அம்மா ஒருத்தி சமையலுக்கு அவ்வளவு ஆகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தனியாக வைக்கச் சொல். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் இதை இழுக்காது, அதற்கும் கேஸ் இருக்கட்டும்.

ஊருக்குப் போனதும் சிலிண்டர் ரப்பர் குழாயில் அச்சடித்திருக்கும் வருஷத்தைப் பார். கெடு தாண்டியிருந்தால் முதலில் அதை மாற்று, இண்டக்‌ஷன் அப்புறம்.

அன்புடன்,
சரோஜா