மரியாவின் நடை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஆப்பிரிக்க சினிமா கட்டுரையை ஆவலோடு படித்தேன். ‘சம்பிசாங்கா’ பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது.

சாரா மால்டரோர் இயக்கி 1972-இல் வந்த படம். கதை நடக்கும் அங்கோலா அப்போதும் போர்த்துகல் பிடியில்தான் இருந்தது. விடுதலை கிடைத்தது 1975 நவம்பரில். அதனால் காங்கோ பிராசவில் நாட்டில் படமாக்கினார்கள். நடித்தவர்களில் பலர் விடுதலை இயக்கங்களைச் சேர்ந்தவர்கள்.

டிராக்டர் ஓட்டும் டொமிங்கோஸை ரகசிய போலீஸ் பிடித்துப்போகிறது. எவ்வளவு அடித்தும் அவன் தோழர்களைக் காட்டிக்கொடுப்பதில்லை. சரி, இது வீரர்களின் கதை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே படம் அவன் மனைவி மரியாவின் பின்னால் போய்விடுகிறது. முதுகில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு, காவல் நிலையம் காவல் நிலையமாகப் புருஷனைத் தேடி நடக்கிறாள். ஒவ்வொரு இடத்திலும் விரட்டுகிறார்கள். துப்பாக்கிச் சண்டையைக் காட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அந்த நடையை இத்தனை பொறுமையாகக் காட்ட மால்டரோருக்கு எவ்வளவு அன்பு இருந்திருக்க வேண்டும்!

அடுத்த இணைப்பில் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிடுங்கள்.

— வாசகி, மதுரை