ஆண்டறிக்கை: செயலாளர் பொதுக்குழுவில் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கத்தின் இரவு நடைகள் பெரும்பாலும் ஒரே ஒரு பல்லியின் பின்னால்தான் போயின. கறையான் புற்றுகளில் தங்கும் ஹெமிடாக்டிலஸ் ட்ரைட்ரஸ் என்கிற பல்லி அது. 1802-லேயே அறிவியல் பெயர் பெற்றது. நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லியும் இதே பேரினம்தான் என்றாலும், இது தரையையும் பாறையையும் விரும்புகிறது. தடித்த உடல், முதுகெங்கும் மணி போன்ற முப்பட்டைப் புடைப்புகள், கருப்பு விளிம்பு கட்டிய வெள்ளைப் புள்ளிகள். ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது.

இந்தியா, இலங்கையின் வறண்ட பகுதிகளில் பரவியிருப்பதாகச் சொல்லப்படும் இந்தப் பல்லி உண்மையில் பல இனங்களின் கூட்டம். 2018-ல் அதை ஆராய்ந்து, ஹெமிடாக்டிலஸ் விட்டேகரி என்ற புது இனத்தைத் தென்னிந்தியாவிலிருந்து பிரித்தார்கள். எனவே நம் பதிவேட்டில் படத்தை மட்டும் பார்த்து இனப்பெயர் எழுத வேண்டாம். இடம், நேரம், தங்கியிருந்த கல் அல்லது புற்று, இவ்வளவு போதும்.

பகலில் புற்றின் துளைக்குள் வெயில் எட்டாது, ஈரம் காயாது. அதனால் அங்கேயே கிடக்கிறது. இருட்டியதும் பூச்சி பிடிக்க வெளியே வருகிறது. மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் மாலைதான் பார்க்க நல்ல நேரம். அதன் கடியில் விஷம் கிடையாது. இருந்தும் கண்டதும் அடிக்கிறார்கள். பள்ளிகளில் பேசும்போது இதைத்தான் முதலில் சொல்கிறோம்.

புதர்க்காட்டில் மரக்கன்று நடக் கூப்பிட்டவர்களிடம் முடியாது என்று சொன்னோம். சிலருக்கு வருத்தம், தெரியும். குழி தோண்டுகிறோம் என்று கல்லைப் பொறுக்கி, புற்றை இடித்து, காரை, சூரை முட்புதர்களை வெட்டிவிட்டு நிழல் மரம் நட்டால் இந்தப் பல்லி எங்கே போகும்? நிலக் கணக்கில் தரிசு என்று எழுதியிருப்பதாலேயே அது வெறும் நிலம் ஆகிவிடாது. சீமைக்கருவேலத்தை அகற்றுகிற வேலைக்குக் கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். புரட்டிய கல்லை அதே பள்ளத்தில், அதே பக்கம் கீழிருக்கும்படி வையுங்கள். அடியில் முட்டை இருக்கலாம். புற்றை யாரும் குச்சியால் குத்த வேண்டாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தலைவிளக்குகளை இரவல் வாங்கிச் சென்றவர்கள் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் ஒப்படைத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்